பெயரறியாப் பறவை வைரசைப் படிக்க மினயான்: ஒரு பயன்பாட்டு மதிப்பீடு

ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் நிறுவனத்தின் மினயான் என்னும் கையடக்க மரபணு வரிசைப்படுத்திக்குப் புகழுரைகள் குறைவில்லை. 2015-இல் கினி நாட்டில் எபோலா பரவிக்கொண்டிருந்தபோது சாதாரண விமானப் பயணச் சுமையோடு சுமையாகப் போய் இறங்கி 142 மாதிரிகளைப் படித்துக் கொடுத்த கருவி அது. 2016 ஆகஸ்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் டி.என்.ஏ.வைப் படித்துக் காட்டியது. ஆனால் அந்த இரண்டு இடங்களிலும் படிக்க வேண்டியது இன்னதென்று முன்கூட்டியே தெரியும். காட்டுப் பறவைகளிடமிருந்து எடுத்த மாதிரியில், முன்மாதிரியாக வைத்துக்கொள்ள ஓரிரு வரிசைகள் மட்டுமே பொதுத் தரவுத்தளத்தில் உள்ள ஒரு வைரசை முழுமையாகப் படிக்க வேண்டும் என்றால் இதே கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றி மட்டுமே இந்த மதிப்பீடு பேசுகிறது. அந்த ஒரு வேலைக்காக இதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை 'வாங்கலாம்' என்பதுதான். ஆனால், கருவி தரும் வரிசையை அப்படியே பதிப்பிக்கக் கூடாது என்பதையும், அதில் ஒளிந்திருக்கும் பிழைகளில் ஒரு பகுதியைப் பிடிப்பதற்கான அளவுகோல் வைரசிடமே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

எடுத்துக்காட்டாகப் பறவைகளைத் தொற்றும் ஆர்.என்.ஏ. வைரசுகளான பறவைப் பாராமிக்சோ வைரசுகளையே எடுத்துக்கொள்கிறேன். இவற்றில் முதல் வகை எல்லோருக்கும் தெரிந்தது. கோழிகளில் வெள்ளைக் கழிச்சல் என்றும் ராணிக்கெட் நோய் என்றும் நியூகாசில் நோய் என்றும் அறியப்படும் நோயை உண்டாக்குவது அதுதான். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்டதிலிருந்து அதைப் பற்றி எழுதப்பட்டவை நூலகத்தையே நிரப்பும். அதன் உறவினர்களின் நிலை வேறு. 1977-இல் ஹாங்காங்கில் வாத்திலிருந்து பிரிக்கப்பட்ட ஆறாம் வகை, ஃபாக்லாந்துத் தீவுகளின் பென்குவின்களில் கண்ட பத்தாம் வகை, பிரான்சில் ஓர் உள்ளானிடமிருந்து கிடைத்த பதினோராம் வகை போன்றவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. இவற்றில் பலவும் யாரும் தேடிப் போய்க் கண்டுபிடித்தவை அல்ல. பறவைக் காய்ச்சல் கண்காணிப்புக்காக நீர்ப்பறவைகளின் எச்சத்துவாரத்திலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்த மாதிரியைக் கருவுற்ற கோழி முட்டையில் செலுத்தி வளர்க்கிறார்கள். சில நாள் கழித்து முட்டைத் திரவத்தை எடுத்துக் கோழி இரத்தச் சிவப்பணுக்களோடு சேர்த்தால் அணுக்கள் திரள்கின்றன. ஆனால், இன்ஃப்ளுயன்சாவுக்கான பி.சி.ஆர். சோதனை 'இல்லை' என்கிறது, நியூகாசில் நோய்க்கான சோதனையும் 'இல்லை' என்கிறது. குளிர்பெட்டியின் ஓரத்தில் ஒதுக்கப்படும் இத்தகைய குப்பிகளுக்குத்தான் மினயான் போன்ற ஒரு கருவி தேவைப்படுகிறது.

கருவியின் உருவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 100 கிராம் எடை, யூ.எஸ்.பி. வழியாகக் கணினியோடு இணைகிறது. உண்மையான வேலை நடப்பது அதற்குள் செருகும் ஃப்ளோ செல் என்னும் தகட்டில். மின்தடை மிகுந்த சவ்வு ஒன்றில் புரதத் துளைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. 512 வாய்க்கால்கள் ஒரே நேரத்தில் அவற்றைக் கவனிக்கின்றன. துளை வழியே டி.என்.ஏ. இழை நகரும்போது மின்னோட்டத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்து, அந்த அலைவடிவத்தை டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளாக (அடினின், குவானின், சைட்டோசின், தைமின்) மாற்றுவது மென்பொருளின் பணி. பழைய ஆர்9 வகைத் துளையைவிட இப்போதைய ஆர்10.4.1 துளையில் இழையை உணரும் குறுகிய பகுதிகள் இரண்டு இருப்பதால், ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களை அது முன்பைவிட நன்றாக எண்ணுகிறது. இந்த வேறுபாடு நம் வேலையில் எவ்வளவு முக்கியம் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

புதியவர்கள் அஞ்சுவது ஃப்ளோ செல்லை நிரப்பும் கட்டத்தில்தான். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. நிரப்புத் துளையின் மூடியைத் திருகி ஓரமாக நகர்த்தியதும், உள்ளே தளும்பி நிற்கும் மஞ்சள் நிறச் சேமிப்புத் திரவத்தின் விளிம்பில் ஒரு சிறு காற்றுக்குமிழி தெரியும். பைப்பெட்டின் முனையைத் துளையில் பொருத்தி, அமுக்கானைத் தொடாமல் அதன் அளவுச் சக்கரத்தை மட்டும் மெல்லத் திருப்பினால் முனைக்குள் மஞ்சள் திரவம் ஒரு மெல்லிய கோடாக ஏறிவரும்; 20 அல்லது 30 மைக்ரோலிட்டர் ஏறியதும் நிறுத்திவிட வேண்டும். அந்தக் கோடு இடையறாமல் இருந்தால் குமிழி வெளியேறிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் இழுத்தால் துளைகளுக்கு மேலிருக்கும் திரவமும் வற்றித் துளைகள் பட்டுவிடும். குமிழி சவ்வின் மேல் ஏறினாலும் அந்த இடத்துத் துளைகள் திரும்பக் கிடைக்கமாட்டா. பிறகு 800 மைக்ரோலிட்டர் கரைசல், ஐந்து நிமிடக் காத்திருப்பு, நடுத்துளையைத் திறந்து இன்னும் 200, கடைசியாக 75 மைக்ரோலிட்டர் மாதிரியைச் சொட்டுச் சொட்டாக இடுதல் என்று வேலை முடிகிறது. இந்த இயந்திரத்தில் கைப்பழக்கம் வேண்டும் இடம் இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் எந்த மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்திலும் நடக்கும் வழக்கமான பணிகள்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால் பெரும்பாலான ஏமாற்றங்கள் கருவிக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. அறியாத வைரசுக்குத் தனிப்பட்ட ப்ரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டையான டி.என்.ஏ. துண்டு) எழுத முடியாது; ஆகவே தற்செயல் வரிசை கொண்ட ப்ரைமர்களால் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ. ஆக்கிப் பெருக்கும் சிஸ்பா முறையையே நாட வேண்டியிருக்கிறது. அம்முறையில் கிடைக்கும் துண்டுகள் பெரும்பாலும் சில நூறு எழுத்து நீளமே இருக்கும். இதனால் மினயானின் தனிச்சிறப்பான நீண்ட வாசிப்பு இங்கே பயன்படாமல் போகிறது. இன்னொரு கவர்ச்சியான வசதியும் இதே காரணத்தால் அடிபடுகிறது. துளைக்குள் நுழைந்த இழையின் தொடக்கத்தைப் படித்துப் பார்த்து, அது கோழியின் மரபணுவாக இருந்தால் மின்னழுத்தத்தைத் திருப்பி வெளியே தள்ளிவிடும் தகவமைத் தெரிவு முறை பல்லாயிரம் எழுத்து நீளமுள்ள இழைகளுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் நொடிக்கு ஏறத்தாழ 400 எழுத்து வேகத்தில் ஓடும் துளையில், 500 எழுத்துத் துண்டை வேண்டுமா வேண்டாமா என்று மென்பொருள் முடிவெடுப்பதற்குள் அதில் பெரும்பகுதி கடந்து போயிருக்கும். விளம்பரத்தில் இதைப் பார்த்து வாங்குபவர்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. கோழியின் ஆர்.என்.ஏ.வைக் குறைப்பதற்கு, முட்டைத் திரவத்தைச் சுழற்றித் தெளியவைத்து, வடிகட்டி, வைரஸ் துகளுக்கு வெளியே மிதக்கும் நியூக்ளிக் அமிலங்களை நொதியால் செரித்த பின் பிரித்தெடுப்பதே இன்றும் நம்பகமான வழி.

டி.என்.ஏ. துண்டுகளைக் கருவி படிப்பதற்கேற்ப ஆயத்தப்படுத்தும் ('நூலகம்' தயாரிக்கும்) வினைப்பொருள் தொகுப்புகளில் விரைவு வகை சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் பலரும் அதை விரும்புகிறார்கள். அது நொதியால் இழையை வெட்டி அடையாளக் குறியை ஒட்டுகிறது. ஏற்கெனவே குட்டையான சிஸ்பா துண்டுகளை மேலும் நறுக்குவதில் பயன் இல்லை. கொஞ்சம் பொறுமையோடு ஒட்டுமுறைத் தொகுப்பைப் பயன்படுத்துவதையே பரிந்துரைப்பேன்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். இந்த வைரசுகளின் மரபணுத்தொகை ஒற்றை இழையாலான எதிர்த்திசை ஆர்.என்.ஏ. அதில் பெரும்பாலும் ஆறு மரபணுக்கள் ஒரே ஒழுங்கில் அமைந்திருக்கின்றன: முதலில் என், பிறகு பி, எம், எஃப், எச்.என்., கடைசியில் எல். ஆறாம் வகையில் மட்டும் எஃப்புக்கும் எச்.என்.னுக்கும் இடையே எஸ்.எச். என்னும் சிறிய ஏழாவது மரபணு இருக்கிறது. இந்த இழையைப் போர்த்தியிருக்கும் புரதம் ஒவ்வொன்றும் சரியாக ஆறு நியூக்ளியோடைடுகளை, அதாவது ஆறு எழுத்துகளை, பற்றிக்கொள்வதால், மொத்த நீளம் ஆறால் மீதியின்றி வகுபட வேண்டும். இல்லாவிட்டால் வைரசால் திறமையாகப் பெருக முடியாது. முதல் வகையின் 15,186, 15,192, 15,198 ஆகிய மூன்று நீளங்களும், ஆறாம் வகையின் 16,236-உம், பதினோராம் வகையின் 17,412-உம் இந்த விதிக்குள் அடங்குகின்றன. ஆக, நீங்கள் கட்டிமுடித்த மரபணுத்தொகையின் நீளத்தை ஆறால் வகுத்து மீதி வந்தால், பெரும்பாலும் அது உங்கள் வாசிப்பில் உள்ள பிழையே தவிர வைரசின் விசித்திரம் அன்று. கருவிக்கு வெளியிலிருந்து, அதுவும் செலவில்லாமல் கிடைக்கும் இத்தகைய சரிபார்ப்பு எல்லா வைரசுகளிலும் வாய்ப்பதில்லை.

இந்தச் சரிபார்ப்பு மினயானுக்கு ஏன் குறிப்பாகத் தேவைப்படுகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. நானோபோர் வாசிப்பின் இயல்பான பலவீனம், ஒரே எழுத்து பலமுறை அடுத்தடுத்து வரும்போது அது எத்தனை முறை வந்தது என்பதை எண்ணுவதில் இருக்கிறது. துளையின் உள்ளே இருப்பது மாறாதபோது மின்னோட்டமும் மாறுவதில்லை. பாராமிக்சோ வைரசின் ஒவ்வொரு மரபணுவும் முடியும் இடத்தில் இப்படியான ஒரு தொடர் இருக்கிறது. நியூகாசில் வைரசில் அங்கே யூராசில் (ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதிலாக வரும் எழுத்து) ஐந்து முதல் ஏழு முறை தொடர்ந்து வருகிறது. வைரசின் நொதி அந்த இடத்தில் திரும்பத் திரும்ப வழுக்கித்தான் தூது ஆர்.என்.ஏ.வுக்கு நீண்ட அடினின் வால் அமைக்கிறது. வைரஸ் நொதி வழுக்கும் அதே இடத்தில் கருவியும் வழுக்குகிறது என்பது வேடிக்கைதான். புரதத்துக்கான பகுதியில் ஓர் எழுத்து குறைந்தால், மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கும் சட்டகம் பிசகி, நடுவே நிறுத்தக் குறி தோன்றி, பிழை தானே வெளிப்பட்டுவிடும். மரபணுக்களின் முடிவிடங்களோ புரதத்துக்கு வெளியே இருப்பவை. அங்கே ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் எந்தப் புரதமும் முறையிடாது. ஆறின் மடங்கு விதி ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். ஓரிடத்தில் ஒன்று கூடி மற்றோரிடத்தில் ஒன்று குறைந்திருந்தால் அந்த விதியும் ஏமாந்துபோகும் என்பதால், எல்லா முடிவிடங்களையும் வாசிப்புகளின் அடுக்கைத் திறந்து கண்ணால் பார்ப்பதே நல்லது. ஆர்10.4.1 துளையும், அலைகளை எழுத்தாக மாற்றும் டொராடோ மென்பொருளின் உயர்துல்லியக் கணிப்பு மாதிரியும் சேர்ந்தால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைகிறது. பழைய ஆர்9 தரவை வைத்திருப்பவர்கள் அதே நம்பிக்கையோடு இருக்க வேண்டாம். உயர்துல்லியக் கணிப்பு மாதிரிக்குத் தரமான வரைகலைச் செயலி கொண்ட கணினி வேண்டும் என்பதைக் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பி மரபணுவின் நடுவிலும் இதே வகையான இடம் ஒன்று உண்டு. நியூகாசில் வைரசில் ஐந்து அடினினும் மூன்று குவானினும் தொடரும் அந்த இடத்தில், நொதி ஒரு குவானினைக் கூடுதலாகச் சேர்த்தால் வி என்னும் புரதமும், இரண்டைச் சேர்த்தால் டபிள்யூ என்னும் புரதமும் உருவாகின்றன. தூது ஆர்.என்.ஏ. கலந்த மாதிரியைப் படிக்கும்போது இங்கே காணும் கூடுதல் எழுத்து வைரசின் செயலா, கருவியின் பிழையா என்று இந்த வாசிப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். இந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் படிக்கும் பழைய வரிசைப்படுத்தல் முறையான சாங்கர் முறையில் ஒருமுறை படித்துவிடுவது நிம்மதி தரும்.

கருவி தரும் வரைவில் இன்னொரு குறையும் எஞ்சுகிறது. தற்செயல் ப்ரைமர் முறை இழையின் இரு நுனிகளையும் சரியாகப் பிடிப்பதில்லை. தொடக்க முனையில் உள்ள 55 எழுத்து முன்னோடிப் பகுதியும் கடைசி வால்பகுதியும் அரைகுறையாகவே கிடைக்கும். நுனிகள் இல்லாமல் மொத்த நீளம் தெரியாது, மொத்த நீளம் தெரியாமல் ஆறால் வகுக்கவும் முடியாது. எனவே நுனிகளைத் தனியாகப் பெருக்கிப் படிக்கும் ரேஸ் முறையைச் செய்யாத எவரும் முழு மரபணுத்தொகை கிடைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. தரவுத்தளங்களில் முழுமையானது என்ற அடைமொழியோடு கிடக்கும் சில வரிசைகளை எடுத்து ஆறால் வகுத்துப் பார்ப்பது ஒரு பயனுள்ள பொழுதுபோக்கு.

வைரசுக்குப் பெயர் சூட்டும் கட்டத்தில் கருவி தன் விலையை மீட்டுத் தருகிறது. பன்னாட்டு வைரஸ் வகைப்பாட்டுக் குழு இந்தப் பறவை வைரசுகளை ஆர்த்தோஅவுலாவைரஸ், மெட்டாஅவுலாவைரஸ், பாராஅவுலாவைரஸ் என்று மூன்று பேரினங்களாகப் பிரித்திருக்கிறது. ஒரு வைரஸ் தனிச் சிற்றினமா என்பதைத் தீர்மானிக்க முழு எல் புரதத்தின் மரபுவழி மரத்தில் கிளையின் நீளத்தையே பார்க்கிறார்கள். முன்பெல்லாம் எஃப் மரபணுவின் சிறு துண்டைப் படித்துவிட்டு முடிவு சொல்லிவந்தவர்களுக்கு இது கூடுதல் வேலை. ஏனெனில் எல் மரபணு ஏறத்தாழ 6,700 எழுத்து நீளமுள்ளது, இழையின் மறுமுனையில் இருப்பது. அதிலும் நோயுற்ற திசுவிலிருந்து நேரடியாக எடுத்த மாதிரியில், வைரஸ் தன் முதல் மரபணுக்களை அதிகமாகவும் கடைசி மரபணுவைக் குறைவாகவும் படியெடுப்பதால், எல்லுக்கான வாசிப்புகள் மெலிந்துபோகும். முட்டைத் திரவத்தில் முழு வைரஸ் துகள்களே மிகுந்திருப்பதால் அங்கே அடர்த்தி ஓரளவு சீராக இருக்கும். மினயானில் இதைக் கணினித் திரையிலேயே பார்த்துக்கொண்டிருக்கலாம். எல் பகுதி போதிய அளவு நிரம்பும் வரை ஓடவிட்டு, நிரம்பியதும் நிறுத்தி, மீதியுள்ள துளைகளை அடுத்த மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாம். குறுவாசிப்பு இயந்திரங்களின் துல்லியத்தை மதிப்பவன்தான் நான். ஆனால், ஓட்டம் முடியும் வரை காத்திருக்கவைக்கும் அவற்றில் இந்த வசதி கிடைப்பதில்லை.

வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் எஃப் புரதம் பிளவுபடும் இடத்தைப் பற்றி ஒரு சொல். நியூகாசில் வைரசில் 113 முதல் 116 வரையுள்ள இடங்களில் ஆர்ஜினின் அல்லது லைசின் என்னும் அமினோ அமிலங்கள் குறைந்தது மூன்று அமைந்து, 117-இல் ஃபீனைல்அலனின் என்னும் அமினோ அமிலம் இருந்தால் அதைக் கடும் நோயுண்டாக்கும் திரிபாகக் கருதும் விதி இருக்கிறது. அந்தப் பகுதியை மினயான் நம்பகமாகவே படிக்கிறது. ஆனால், அந்த விதி முதல் வகைக்காக வகுக்கப்பட்டது. அதிகம் அறியப்படாத மற்ற வகைகளில் இதே அமைப்பைக் கண்டதும் நோய்க்கடுமையைப் பற்றி எழுதத் தொடங்குவது அவசரம்; அதற்கு விலங்குச் சோதனைதான் விடை சொல்லும், வரிசைப்படுத்தி சொல்லாது.

கலப்படத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஃப்ளோ செல்லில் பல மாதிரிகளைக் குறியிட்டு ஓட்டும்போது சில வாசிப்புகள் தவறான மாதிரியின் கணக்கில் சேர்ந்துவிடுவது அறியப்பட்ட உண்மை. இரு முனைகளிலும் குறி இருந்தால்தான் ஏற்பது என்ற கட்டுப்பாட்டை இட்டால் இது குறையும். நொதியால் கழுவி மறுபடியும் பயன்படுத்தும் ஃப்ளோ செல்லிலும் முந்தைய மாதிரியின் எச்சம் கொஞ்சம் தங்கிவிடுவதால், அடுத்த ஓட்டத்துக்கு வேறு குறிகளைப் பயன்படுத்த வேண்டும். நன்கு தெரிந்த வைரசில் சில வாசிப்புகள் வழிமாறி வந்தால் பெரிய தீங்கில்லை; அறியாத வைரசைத் தேடுபவருக்கோ அவையே ஒரு பொய்யான கண்டுபிடிப்பாகிவிடும். பல ஆய்வகங்களில் நேர்மறைக் கட்டுப்பாடாக நியூகாசில் வைரசின் லசோட்டா தடுப்பூசித் திரிபு புழங்குவதால், காட்டு வாத்தின் மாதிரியில் அதன் சாயல் தெரிந்தால் முதலில் மேசையைச் சந்தேகியுங்கள், பிறகு வாத்தைச் சந்தேகிக்கலாம். வைரஸ் இல்லாத முட்டைத் திரவம் ஒன்றையும் எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டு செல்வது கட்டாயம்.

வழங்கல் சேவையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். எங்களுக்கு வினைப்பொருள்களைக் கொண்டுவந்து சேர்த்த இடைநிலை நிறுவனம் ஒன்று பனிப்பொதி முழுவதும் உருகிய பெட்டியை ஒப்படைத்துவிட்டு, மாற்றித் தர நெடுநாள் அலைக்கழித்தது. ஃப்ளோ செல்லின் ஆயுள் குறுகியது என்பதால் பறவைகள் வலசை வரும் பருவத்துக்கு வெகு முன்பே வாங்கிக் குவிப்பதும் அறிவுடைமை ஆகாது. பெட்டி வந்தவுடன் துளைகளை எண்ணும் சோதனையை ஓட்டிவிட வேண்டும். மினயான் ஃப்ளோ செல்லில் இயங்கும் துளைகள் 800-க்குக் குறைந்தால் உத்தரவாதத்தில் மாற்றிக் கேட்கலாம், ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு உண்டு.

ஆர்.என்.ஏ.வை நேரடியாகப் படிக்கும் வசதியும் இக்கருவியில் இருக்கிறது. இந்த வைரசுகளின் மரபணுத்தொகைக்கு அடினின் வால் இல்லாததால் அதை நொதியால் முதலில் சேர்க்க வேண்டும். பஞ்சுக்குச்சி மாதிரியில் கிடைக்கும் ஆர்.என்.ஏ.வின் அளவு அதற்குப் போதாது. முட்டையில் நன்றாக வளரும் திரிபு கையில் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம்.

கடைசியாக, பலர் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி. ஓட்டம் முடிந்ததும் எழுத்துவடிவக் கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, மின்னோட்ட அலைகளைச் சேமித்திருக்கும் போட்5 கோப்புகளை இடம் போதவில்லை என்று அழித்துவிடுகிறார்கள். அலைகளை எழுத்தாக மாற்றும் கணிப்பு மாதிரிகள் திருந்திக்கொண்டே வருவதால், அதே துளை வகைக்குப் புதிய கணிப்பு மாதிரி வெளியாகும்போது பழைய அலைகளை மறுபடியும் படிக்கவைத்து, முன்பு ஐயத்துக்கிடமாக இருந்த யூராசில் தொடர்களை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். மாதிரிக் குப்பி தீர்ந்துபோன பின்னும் இதைச் செய்ய முடியும். ஆகவே கருவியை வாங்கும்போதே அதற்கேற்ற அளவில் இரண்டு வன்வட்டுகளையும் வாங்கி வையுங்கள்.